குதிரை எதை நம்புகிறது?

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் நவீன பென்டத்லான் போட்டியில் வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது ஜெர்மனியின் அனிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். அடுத்தது குதிரையேற்றம். அந்த விளையாட்டில் அப்போது யாரும் சொந்தக் குதிரையைக் கொண்டுவந்ததில்லை. குலுக்கலில் விழும் குதிரையோடு 20 நிமிடம் பழகிவிட்டுக் களமிறங்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவருக்கு விழுந்தது செயின்ட் பாய். சற்று முன்புதான் அது வேறொரு வீராங்கனையோடு தடை தாண்ட மறுத்து முரண்டு பிடித்திருந்தது. ஷ்லாயோடும் நகர மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையை வீசினார். வேலியோரம் நின்ற பயிற்சியாளர் இன்னும் பலமாக அடிக்கச் சொன்னதோடு, தானும் குதிரையை முஷ்டியால் குத்தினார். ஷ்லாய் 31ஆம் இடத்துக்கு இறங்கினார், பயிற்சியாளர் விலக்கப்பட்டார், பாரிஸ் 2024க்குப் பிறகு குதிரையேற்றமே அந்த விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பழி முழுவதையும் அந்த இருவர் தலையில் போடுவது எளிது. அதைவிடப் பெரிய தவறு அந்த விதியில் இருந்தது. ஏற்கெனவே மிரண்டிருந்த ஒரு விலங்கு, முன்பின் அறியாத ஒருவரை 20 நிமிடத்தில் நம்பி, மார்பளவு உயரமுள்ள தடைகளைத் தாண்டிவிடும் என்று அந்த விதி எதிர்பார்த்தது.

குதிரையின் நம்பிக்கையைப் பாசம் என்றோ விளக்க முடியாத ஓர் ஆத்ம உறவு என்றோ பேசுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் பேசுவதால் குதிரைக்கு எந்த நன்மையும் இல்லை என்பது என் கருத்து. ஒரு மனிதர் அடுத்து என்ன செய்வார் என்று குதிரையால் கணிக்க முடிந்தால் அது அவரை நம்புகிறது. இவர் கால் இப்படி அழுத்தினால் முன்னே போக வேண்டும். போன உடனே அழுத்தம் நின்றுவிடும். எனக்குப் பயம் வந்தால் இவரிடமிருந்து அடி வராது. இவை நாள்தோறும் பொய்க்காமல் நடந்தால் நம்பிக்கை தானாக வளரும். நடக்காவிட்டால் எத்தனை முத்தம் கொடுத்தாலும் வளராது. காரணம், குதிரை வேட்டையாடப்பட்ட இனம். முதலில் ஓடிவிட்டு, தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்த குதிரைகளே பிழைத்தன. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் குருட்டுப் பகுதி. ஓர் ஈ உட்கார்ந்தாலும் தோல் சிலிர்க்கும். இப்படிப்பட்ட உயிர் நம் உடலைப் படிப்பதை ஒருகணமும் நிறுத்துவதில்லை.

எவ்வளவு நுட்பமாகப் படிக்கிறது என்பதற்குப் பெர்லின் குதிரை ஹான்ஸின் கதையை விடச் சிறந்த சான்று இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டல், கழித்தல் எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1904இல் ஒரு குழுவே வந்து சோதித்தும் மோசடி எதுவும் பிடிபடவில்லை. பிறகு உளவியலாளர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாக ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தோற்றது. குதிரையின் பார்வையிலிருந்து கேட்பவரை மறைத்தபோதும் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரறியாமல் மயிரிழை அளவு நிமிர்ந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. ஏமாந்த மனிதர்களின் கதையாகவே இதைப் பொதுவாகச் சொல்கிறார்கள். குதிரை பழக்குகிறவருக்கு இதில் உள்ள பாடம் வேறு. நாம் சொல்ல நினைத்ததை மட்டும் குதிரை கேட்பதில்லை. நாம் சொல்வதாகவே அறியாததையும் கேட்டுக்கொள்கிறது. இழுத்துப் பிடித்த மூச்சு, இறுகிய தொடை, லகானில் நடுங்கும் விரல் எல்லாமே அதற்குச் செய்திதான்.

இந்தச் செய்திகளுக்கு ஒழுங்கான இலக்கணம் உண்டு. குதிரைப் பயிற்சியின் பெரும்பகுதி அழுத்தமும் விடுவிப்பும்தான். சவாரி செய்பவர் கெண்டைக்காலால் விலாவை மெல்ல அழுத்துகிறார். குதிரை ஓரடி முன்வைத்ததும் காலைத் தளர்த்துகிறார். கற்பிப்பது அந்தத் தளர்வு. ஓரிரு நொடி தாமதித்துத் தளர்த்தினால், குதிரை அந்த நொடியில் வேறு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னங்கால்களைத் தூக்கி நிமிரும் குதிரையின் மேலிருந்து பயந்து இறங்கிவிடுபவர், நிமிர்ந்தால் விடுதலை என்று அதற்குப் பாடம் நடத்திவிட்டார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சுயநலக்காரரைக் கேலி செய்ய நம்மூரில் குதிரையை இழுக்கிறோம். குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் கேலிக்கு இடமில்லை. கடிவாளத்தின் இரும்புக்கட்டை வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பல்லில்லாத வெறும் ஈறின் மேல் உட்காருகிறது. முரட்டுக் கை இழுத்தால் வலி நேராக அங்கே இறங்கும். காலால் ‘போ’ என்று அழுத்திக்கொண்டே கையால் ‘நில்’ என்று இழுத்துப் பிடிப்பதே சவாரியில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இரண்டு கட்டளைக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிய எந்த விலங்காலும் முடியாது. குதிரை தலையை உதறும், வாலைச் சுழற்றும், துள்ளும். அதைப் பார்த்து நாம் திமிர் பிடித்த குதிரை என்கிறோம்.

அடியாத மாடு படியாது என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடித்துத்தானே குதிரையைப் பழக்கினார்கள், போரில் ஓட்டினார்கள், வண்டியில் பூட்டினார்கள் என்ற கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கிறது. அடியால் குதிரையை அசைக்க முடியும். ஆனால் வரலாறு முழுக்க அடியின் பக்கம் நிற்கவில்லை. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையைக் கோபத்தோடு அணுகக் கூடாது என்கிறார். ஒரு பொருளைக் கண்டு மிரளும் குதிரையை அடித்து அதன் பக்கம் தள்ளினால், அந்த வலியும் அந்தப் பொருளால் வந்ததாகவே குதிரை எண்ணி முன்னைவிட அதிகமாக மிரளும் என்றும் விளக்குகிறார். இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் அவர் உயிரைக் குதிரை முதுகில் வைத்துப் போருக்குப் போனவர்.

அடங்கிய குதிரை எல்லாம் நம்பும் குதிரையும் அல்ல. 1858இல் அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த ஜான் ராரி இங்கிலாந்தில், யாரையும் நெருங்கவிடாத குரூஸர் என்ற பொலிகுதிரையைச் சில மணி நேரத்தில் அடக்கிக் காட்டினார். சாட்டை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு முன்னங்காலை மடக்கி வாரால் கட்டி, குதிரை களைத்துத் தரையில் படுக்கும்வரை காத்திருந்து, பிறகு அன்பாகத் தடவிக்கொடுத்தார். அன்றிருந்த கொடுமைகளோடு ஒப்பிட்டால் அது கருணைதான். ஆனாலும் தப்பிக்க வழியே இல்லை என்று உணர்ந்த விலங்கு போராட்டத்தைக் கைவிடுவதை நம்பிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்ஸின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சவாரிப் பள்ளிக் குதிரைகளில் சில, கழுத்தை முதுகின் மட்டத்துக்கு நீட்டி, கண்ணும் காதும் அசையாமல், தொட்டாலும் சட்டை செய்யாமல் நெடுநேரம் நிற்பதைப் பதிவு செய்தார்கள். மனச்சோர்வுக்கு நெருக்கமான நிலை அது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதைச் சாதுவான குதிரை என்பார்.

எதிர்ப்பக்கத்து மயக்கம் ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டி ராபர்ட்ஸ், வட்ட வேலிக்குள் குதிரையை ஓடவிட்டு, அதன் உடல்மொழி தளர்ந்ததும் தானும் தளர்ந்து முதுகைக் காட்டி நிற்பார். சற்று நேரத்தில் குதிரை தானாக வந்து அவர் தோளருகே நிற்கும். 1989இல் எலிசபெத் அரசியின் முன் விண்ட்ஸரில் இதைச் செய்துகாட்டிய பிறகு உலகம் முழுவதும் பெயர் பெற்றார். மனிதரைத் தன் மந்தையின் தலைவராகக் குதிரை ஏற்றுக்கொண்டது என்று பலர் விளக்கினார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே முறையை மனிதர் இல்லாமல் செய்துபார்த்தார்கள். ரிமோட்டில் ஓடும் ஒரு பொம்மைக் கார் குதிரையைத் துரத்தியது. குதிரை அதன் பக்கம் திரும்பினால் நின்றது. குதிரைகள் காரை அணுகக் கற்றுக்கொண்டன. காரை யாரும் மந்தைத் தலைவர் என்று சொல்லப்போவதில்லை. வேலை செய்தது அழுத்தமும் உரிய நேரத்து விடுவிப்பும்தான். ராபர்ட்ஸ் பல குதிரைகளைக் கயிற்றிலிருந்தும் சாட்டையிலிருந்தும் காப்பாற்றினார் என்பதை இது குறைக்கவில்லை. ஆனால் ‘நானே தலைவன்’ என்று குதிரையிடம் நிரூபிக்கக் கிளம்புகிறவர்கள் மந்தையைப் பற்றிய ஒரு கற்பனையைச் சுமந்து போகிறார்கள். அது சீக்கிரமே முரட்டுத்தனத்தில் போய் முடிகிறது.

அப்படியானால் எல்லாமே வெறும் பழக்கமா, மனிதருக்கும் குதிரைக்கும் இடையே வேறொன்றும் இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டதும் இதயம் வேகமெடுத்தது. ஆபத்தை நோட்டமிடும் இடது கண்ணால் அதைப் பார்த்தன. பிந்தைய ஆய்வு ஒன்றில், ஒருவரின் கோபமான படத்தைக் காலையில் பார்த்த குதிரைகள், பிற்பாடு அவரே சாதாரண முகத்தோடு எதிரில் வந்தபோதும் இடது கண்ணால் கவனித்தன. ஆளை நினைவில் வைக்கின்றன, அவரது மனநிலையையும் சேர்த்து வைக்கின்றன. குதிரைகளிடையே நட்பின் அடையாளம் ஒன்றையொன்று பிடரி முடிகிற இடத்தில் பல்லால் சொறிந்துகொள்வது. அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதைப் பிரான்ஸின் கமார்க் குதிரைகளிடம் செய்த ஆய்வு 1993இலேயே காட்டிவிட்டது. நாமோ கழுத்தில் பளார் பளார் என்று தட்டி, அதைப் பாராட்டு என்று நினைக்கிறோம். கற்பிப்பதற்கு மட்டும் சொறிவதைவிடத் தீனிதான் வலுவான பரிசு என்று ரென் ஆய்வாளர்களே கண்டார்கள். சரியாகச் செய்ததற்குத் தீனி பெற்றுக் கற்ற இளங்குதிரைகள் வேகமாகக் கற்றன, மாதங்கள் கழிந்தும் மறக்கவில்லை, மனிதரை நாடியும் வந்தன. தீனி கொடுத்தால் கடிக்கப் பழகும் என்ற அச்சம் தவறான நேரத்தில் கொடுப்பவருக்குப் பொருந்தும். பையை முட்டும் குதிரைக்குக் கொடுத்தால் முட்டத்தான் கற்கும்.

அரை டன் எடையுள்ள மிருகத்திடம் மென்மை காட்டினால் ஆளை மிதித்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு மறுமொழி எளிது: தெளிவு வேறு, தளர்ச்சி வேறு. தோளால் ஆளை இடித்துத் தள்ளும் குதிரையைப் பின்வாங்கச் செய்யத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும், ஒரே விதமாக, கோபமில்லாமல் செய்ய வேண்டும். பொறுமைக்கு நேரம் ஏது என்ற கேள்விக்கு அமெரிக்க மேற்கின் டாம் டாரன்ஸையும் அவரிடம் கற்ற ரே ஹன்ட்டையும் சுட்டலாம். இருவரும் மாட்டுப்பண்ணைக்காரர்கள், குதிரையை வைத்து வேலை நடந்தாக வேண்டிய உலகத்து மனிதர்கள். சரியானது எளிதாகவும் தவறானது சிரமமாகவும் குதிரைக்குப் படும்படி சூழலை அமைத்துவிட்டுக் காத்திருப்பதே விரைவான வழி என்று அவர்கள் கண்டார்கள். மறுபக்கம், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளிவந்ததால் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகி, ஓராண்டுத் தடையும் பெற்றார். திறமை உச்சத்தில் இருந்தாலும் அவசரம் அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது.

நம்மில் பெரும்பாலோர் குதிரை வளர்க்கப்போவதில்லை. ஆனால் ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் மெரினா மணலிலும் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிறோம், அதற்குக் காசும் கொடுக்கிறோம். ஏறும் முன் குதிரையின் தோளுக்குப் பக்கவாட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். காதுகள் சத்தம் வரும் திசைக்குத் திரும்புகின்றனவா, வாயோரத்தில் புண் இருக்கிறதா, சேணத்தின் அடியில் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்காக வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள். குரலாலும் மெல்லிய லகானாலும் குதிரையை நடத்துபவரைத் தேடிப் போய் அவருக்கு நாலு காசு கூடுதலாகக் கொடுங்கள். சாட்டையை ஓங்குபவரின் குதிரையில் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதை அவரிடமே மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.