நீறுபூத்த நெருப்பும் மேய்ச்சல் கோழியும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டைச் சுற்றித் தன்போக்கில் மேயும் நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் நெருப்பின் அருகிலேயே வாழ்கிறது. வெந்நீர் அடுப்பு, நெல் அவிக்கும் அடுப்பு, மார்கழிக் குளிருக்கு மூட்டும் கணப்பு, கொசுவை விரட்டப் போடும் புகைமூட்டம், தை பிறப்பதற்கு முந்தைய நாள் கொளுத்தும் போகித் தீ, அன்றாடம் கூட்டித் தள்ளிய சருகை எரிக்கும் தீ என எல்லாமே அது மேயும் புழக்கடையில்தான் எரிகின்றன. கொழுந்துவிட்டு எரியும் தீயைக் கண்டால் கோழி தானாகவே விலகிவிடும் என்பது ஓரளவு உண்மைதான் என்றாலும், தீ மூட்டுவதற்கு முன்பும் அது அணைந்ததாகத் தோன்றிய பின்பும் கோழிக்கு நேரும் தீங்குகளைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மறைவிடம் தேடி முட்டையிடுவது மேய்ச்சல் கோழியின் இயல்பு. வைக்கோற்போர், விறகுக் குவியல், சில நாட்களாகச் சேர்ந்து கிடக்கும் சருகு மேடு ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். அங்கே அடையில் அமர்ந்துவிட்ட கோழி ஆள் நெருங்கினாலும் முட்டையை விட்டு எளிதில் எழுந்து வராது. எனவே சேர்ந்து கிடக்கும் குவியலை அப்படியே கொளுத்தாமல், கோலால் கிளறிப் பார்த்து, வேறிடத்துக்கு மாற்றிய பிறகே தீ வைக்க வேண்டும். தீ மூட்டும் முன் கோழிகளையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ கூண்டில் அடைத்தோ வைப்பது நல்லது. ஏனெனில் சூடு தாளாமல் சருகிலிருந்து வெளியேறும் பூச்சிகளைக் கொத்துவதற்காகக் கோழிகள் தீயின் ஓரம்வரை வந்துவிடும்.

புகை கோழியை மனிதரைவிட விரைவாகத் தாக்குவதற்கு அதன் உடலமைப்பே காரணம். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. உடலுக்குள் பரவியிருக்கும் காற்றுப்பைகள் துருத்திபோல இயங்கி, காற்றை அதன் வழியே ஒரே திசையில் செலுத்துகின்றன. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வும் மிக மெல்லியது. உயிர்க்காற்றை நன்கு உறிஞ்ச உதவும் இந்த அமைப்பே, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களையும் விரைந்து உள்வாங்கிவிடுகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்கூட்டியே உணர்வதற்காகக் கேனரிப் பறவைகளை 1986 வரை வைத்திருந்தது இதனால்தான். புகைபட்ட கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ உடனே அதைத் தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனிக்கப்படாமல் போவது சாம்பல். பேனையும் செள்ளையும் போக்கிக்கொள்ளக் கோழி புழுதியில் குளிக்கும். மென்மையான சாம்பல் கிடைத்தால் விடாது. காலால் பறித்து, குழி செய்து, அதில் வயிற்றை அழுத்திப் படுத்து, இறகைச் சிலிர்த்துச் சாம்பலை உடலெங்கும் வாரி இறைத்துக்கொள்ளும். மேலே வெளிறிய சாம்பல் படிந்து அடியில் கங்கு கனன்றுகொண்டிருந்தால், முதலில் வெந்துபோவது உள்ளங்காலும் இறகு குறைந்த அடிவயிறுமே. மழையில் நனைந்த சாம்பலும் கேடுதான். அதில் ஊறும் காரம் தோலை அரிக்கும். தீ அடங்கியதும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டு சென்று சூடில்லை என்று உறுதி செய்த பின்னரே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். குளியலுக்கென்றே சாம்பல் தர விரும்புவோர், வெறும் விறகு எரிந்த சாம்பலை நன்கு ஆறவிட்டுச் சலித்து, உலர்ந்த மணலுடன் கலந்து, மழை படாத இடத்தில் வைக்கலாம்.

எதை எரிக்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியமானது. குப்பைத் தீயில் எஞ்சும் ஆணி, கம்பித் துண்டு, ஈயம் கலந்த பெயிண்ட் செதில் ஆகியவற்றைக் கோழி இரையென்று கொத்தி விழுங்கும். கூரிய கம்பி இரையை அரைக்கும் தசைப்பையைக் குத்தித் துளைக்கும், ஈயம் நரம்புகளைத் தாக்கும். பிளாஸ்டிக், குறிப்பாகப் பி.வி.சி. எரியும்போது டையாக்சின் எனப்படும் நீண்டகாலம் சிதையாத நச்சுப்பொருள்கள் உருவாகி மண்ணில் படிகின்றன. 2001இல் உருவாகி, 2006இல் இந்தியா ஏற்றுறுதி செய்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, திறந்தவெளியில் குப்பை எரிப்பதை இந்நச்சின் பிறப்பிடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பில் அது சேர்ந்து, முட்டையின் மஞ்சள் கரு வழியாக வீட்டுக் குழந்தைகளின் தட்டுக்கே திரும்பி வருகிறது.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது; அடைந்த கோழி தீப்பொறி விழுந்தாலும் தப்பி ஓட வழி அறியாது. ஆகவே கீற்று வேய்ந்த கூண்டின் அருகிலோ, காற்று அதை நோக்கி வீசும்போதோ, பொழுது சாய்ந்த பிறகு தீ மூட்டக் கூடாது. தப்பித் தவறிச் சூடுபட்ட கோழியின் காலைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடமேனும் வைத்து, எண்ணெயோ பற்பசையோ தடவாமல், மற்ற கோழிகள் புண்ணைக் கொத்தாதவாறும் ஈ மொய்க்காதவாறும் தனியே அடைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சருகை எரிப்பதைவிடக் குழியில் இட்டு மட்கவிடுவது நல்லது; அது மண்ணுக்கு உரமாகும், கோழிக்குப் புழுவும் பூச்சியும் கிடைக்கும். எரித்தே தீர வேண்டிய நாளில், மூட்டும் முன் கோழியை அடைப்பதும், முடித்த பின் தண்ணீர் ஊற்றுவதும் ஒவ்வொரு வீட்டிலும் தவறாத வழக்கமாக வேண்டும்.