தறி இருக்கிறது, நூல் எங்கே?

ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் பாண்டிருப்பைத் தாண்டியதும் மருதமுனையைக் காண்பார்கள். சாறனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். அங்கே நெய்ததை இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக உடுத்தி வருகிறோம்.

சிறு உற்பத்தியாளருக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த உதவி, அது யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மருதமுனைத் தறியை முன்வைத்து இதைப் பார்ப்போம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டுத் துணி அருகியதால் கைத்தறித் துணிக்குக் கிராக்கி உண்டானது. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் மலிவான துணி கப்பலில் வந்து இறங்கியது. நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. மிஞ்சியவற்றில் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடல் கொண்டுபோனது.

அதன் பின்னர் தொண்டு நிறுவனங்கள் தறி கொடுத்தன. எம்மைப் போன்றோரும் அதில் பங்குகொண்டோம். தறி ஒரு கண்ணுக்குத் தெரியும் பொருள். பக்கத்தில் நின்று படம் பிடிக்கலாம். சில காலம் கழித்துப் போனபோது ஒரு தாய் சொன்னார்: "தறி ரெண்டு சும்மா கெடக்கு ஃபாதர். நூலுக்கு ஒரு வழி பண்ணுங்க." நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நெசவுக்கு வேண்டிய நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. மொத்தமாக நூல் வாங்கக் கைமுதல் இல்லாதவர் முதலாளியிடம் நூலைப் பெற்று, நெய்த துணியை அவரிடமே கொடுத்துக் கூலி வாங்குகிறார். துணி இறக்குமதியைத் தடுத்தால் துணியின் விலை ஏறும். ஆனால் ஏறிய விலை முதலில் நூல் வைத்திருப்பவரின் பைக்குள் போகிறது. கூலி உயர்ந்தாலும் பின்னால்தான் உயரும். நூல் சுற்றும் பெண்களின் கூலியோ அதற்கும் பின்னால்.

2020இல் பத்திக், கைத்தறித் துணிகளுக்கென்று ஓர் இராஜாங்க அமைச்சே உருவாக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடும் மீண்டும் வந்தது. ஆனால் 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. டொலரில் வாங்கும் நூல் என்ன விலைக்கு வந்திருக்கும் என்பதை வாசகரே கணக்கிடலாம். துணிக்கு வேலி போட்டவர்கள் நூலுக்கு வாசல் வைக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு சட்டவழி உண்டு. நூற்பாலைகள் உள்நாட்டில் விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற கழிநூலாகக் கட்டித் தரவேண்டும். சிட்டா நூல் என்று தமிழகத்தில் சொல்வார்கள். முன்பு அது 50 வீதம். 2003இல் 40 ஆகவும் 2019இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. பெரிய நூற்பாலைத் தொழில் இல்லாத நாம் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் கூட்டுறவுச் சங்கம் நூலை மொத்தமாக இறக்கி, உறுப்பினருக்குக் கடனாகக் கொடுத்து, துணி விற்றதும் கழித்துக்கொள்ளலாம். அதற்கான சுழல்நிதி ஒன்றைத் தந்தால் மாகாண சபை பத்துப் பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட அதிகம் செய்ததாகும்.

வாங்குபவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழக அரசு 1983 முதல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்குகிறது. நெசவாளருக்கு வேலை கொடுப்பதும் அதன் நோக்கம். (விசைத்தறி அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது என்பதும் உண்மை.) எமது நாட்டிலும் 1993 முதல் மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதையும் சீன அரசு அன்பளிப்பாகத் தந்தது. நெருக்கடியில் வந்த அந்த உதவியைக் குறைசொல்ல முடியாது. அத்தனை இலட்சம் மீற்றரைக் கைத்தறியால் நெய்து தரவும் முடியாது. ஆனால் வைத்தியசாலைக் கட்டில் விரிப்பு, அரச விடுதிகளின் துவாய், திரைச்சீலை ஆகியவற்றில் ஒரு பங்கையாவது மாவட்டத்துக்குள் வாங்கலாமே. அடுத்த முறை பிரதேச செயலகத்தில் தறி தருவதாகச் சொன்னால், நூல் எங்கிருந்து வரும், துணியை யார் வாங்குவார் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.