ரயிலுக்கு முன்னும் பின்னும் ஒரு சைக்கிள்

ஊர் போகும் வழி – 9

காரை விட்டு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சைக்கிளுக்கும் மாறுவதைப் பற்றிப் பேசும்போது நெதர்லாந்தைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். “அது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். ஊரும் சமதளம். நமக்கு ஒத்துவருமா?” சமதளம் என்பது சரி. பரம்பரைப் பழக்கம் என்பதைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே சைக்கிள் நிறைந்திருந்தது உண்மை. ஆனால் 1950-களிலும் 60-களிலும் கையில் காசு புரண்டதும் எல்லோரையும் போல அவர்களும் கார் வாங்கினார்கள். சைக்கிள் ஆண்டுக்காண்டு குறைந்தது. காருக்காக ஊரை இடிக்கவும் துணிந்தார்கள். 1967-ல் டேவிட் ஜோகினன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு திட்டம் வரைந்தார். தொழிலாளர் குடியிருப்புகளை இடித்து, கால்வாயைத் தூர்த்து, நகரத்தின் நடு வரைக்கும் ஆறுவழிச் சாலை போடுவது திட்டம். நல்லவேளையாக அது நடக்கவில்லை. உத்ரெக்ட் நகரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழைய நகரைச் சுற்றி ஓடிய அகழியில் ஒரு பகுதியைத் தூர்த்து, அதன்மேல் கார்களுக்கான அகலச் சாலையைப் போட்டுவிட்டார்கள்.

இதற்கு அந்த நாடு கொடுத்த விலை பெரிது. 1971-ல் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம்தான். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. 1972-ல் ‘டெ டெய்ட்’ நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது தலைப்பு. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். கார்களை மறித்துவிட்டு, அதே தெருவில் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் டெ பைப் பகுதியில் குழந்தைகளே முன்னின்று தங்கள் தெருவைத் திருப்பிக் கேட்டார்கள். இந்த வரலாற்றை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் இங்கேதான் நின்றுவிடுகிறது. சைக்கிள் பாதை கேட்டு அங்கே போராடியவர்கள், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள்.

அடுத்த ஆண்டே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1973 நவம்பர் 4-ஆம் தேதி முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். போராட்டக்காரர்கள் சொன்னது எப்படி இருக்கும் என்பதை நாடு முழுக்கக் கண்ணால் பார்த்தது.

பிறகுதான் பாதைகள் வந்தன. 70-களின் நடுவில் டில்பர்கிலும் தி ஹேக்கிலும் காசு செலவழித்துத் தலா ஒரு தனிப் பாதையைப் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்துத் தெருக்களில் போனவர்கள் அதற்கு மாறினார்களே தவிர, புதிதாகச் சைக்கிள் எடுத்தவர்கள் அதிகமில்லை. 80-களில் டெல்ஃப்ட் நகரம் முழுவதையும் இணைக்கும் பாதைப் பின்னலைப் போட்ட பிறகே வித்தியாசம் தெரிந்தது. நம் ஊர்களில் ஒரு சாலை ஓரத்தில் மட்டும் கோடு போட்டுவிட்டு, “பாருங்கள், ஒருவரும் வரவில்லை” என்று அழித்துவிடுகிறவர்கள் டெல்ஃப்டின் கதையைப் படிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டச்சுக்காரர்கள் காரைத் துறந்தவர்கள் அல்ல. இன்றும் அங்கே ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒரு கார் இருக்கிறது. ஆனாலும் நாட்டில் நடக்கும் பயணங்களில் கால்வாசிக்கும் மேல் சைக்கிளில்தான். கார் வாசலில் நிற்கும்போதே சைக்கிளை எடுக்கிறார்கள் என்றால், அதுதான் சுலபமாக இருக்கிறது என்று பொருள். உத்ரெக்டுக்குப் பக்கத்தில் ஹௌடன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் ஊருக்கு வெளியே சுற்றுச்சாலைக்குப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வர வேண்டும். சைக்கிளுக்கோ நேர் வழி, அதுவும் ஊரின் நடுவிலுள்ள ரயில் நிலையம் வரைக்கும்.

நெதர்லாந்தின் உண்மையான கெட்டிக்காரத்தனத்தை நான் அந்த ரயில் நிலையத்தில்தான் பார்க்கிறேன். சைக்கிள் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் பலருக்கு அலுப்பு. ரயிலோ வாசலுக்கு வராது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் காருக்கு நிகரான ஒரு வண்டி கிடைத்துவிடுகிறது. அங்கே ரயில் ஏறுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிலையத்துக்குச் சைக்கிளில் வருகிறார்கள். உத்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்தம் 2019-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மூன்று தளம். மிதித்துக்கொண்டே உள்ளே போகலாம், எந்த வரிசையில் இடம் காலி என்று பலகை காட்டும், முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. மேலே ஏறினால் ரயில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து உத்ரெக்ட் வழியாக ஐந்தோவன் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு விரைவு ரயில் ஓடுகிறது. அட்டவணை பார்த்துக் கிளம்ப வேண்டியதில்லை.

இறங்கிய பிறகு? நெரிசல் நேரத்தில் மடிக்க முடியாத சைக்கிளை ரயிலில் ஏற்ற அனுமதி இல்லை. அதனால் பலர் அலுவலகம் இருக்கும் ஊரின் நிலையத்தில் பழைய சைக்கிள் ஒன்றை நிரந்தரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்கு நீலமும் மஞ்சளுமான வாடகைச் சைக்கிள்கள் உண்டு. ரயிலில் காட்டும் அதே அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வாடகை, கணக்கு மாதக் கடைசியில்.

இதன் முதல் பாதி நம்மிடமும் உண்டு. தாம்பரத்திலும் ஆவடியிலும் ஸ்டேஷனுக்கு வெளியே ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறுவது சென்னைக்காரர்களுக்குப் பழகிய காரியம். இன்று அங்கே மோட்டார் சைக்கிள்தான் அதிகம் என்றாலும் முறை அதேதான். பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிளும் தருகிறது. ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது.

இல்லாதது மறுபாதி. தரமணியிலோ கிண்டியிலோ இறங்குகிறவருக்கு அலுவலகம் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வெயிலில் நடக்க முடியாது, ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்காது, நடைபாதை பாதியில் நின்றுவிடும். எதற்கு வம்பு என்று அடுத்த மாதமே கார் லோன் விசாரிக்கிறார். ரயிலையும் பஸ்ஸையும் நேசிக்கிற எனக்கு, இந்த ஒரு கிலோமீட்டருக்காக மனிதர்கள் காருக்குப் போவதைப் பார்க்கும்போது வலிக்கிறது. காரில் போகிற ஒன்றரை மணி நேரமும் முன்னால் நிற்கிற வண்டியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரயிலில் அந்த நேரம் முழுக்க அவருடையது. படிக்கலாம், தூங்கலாம்.

கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் பாதையில் உயரமான, மிகப் பெரிய நிலையங்கள் பல இருக்கின்றன. அவற்றின் கீழ்த்தளங்களில் நிறைய இடம் ஆளில்லாமல் கிடக்கிறது. திருவான்மியூரிலும் தரமணியிலும் பெருங்குடியிலும் அந்த இடத்தில் சைக்கிள்களை நிறுத்தி, ரயில் சீசன் டிக்கெட்டோடு சேர்த்தே கொடுக்க ஆரம்பிக்கலாம். கூடவே நிலையத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரைக்கும், பாதியில் அறுந்துபோகாத ஒரு பாதை.

(தொடரும்)