லினக்சில் கம்பியில்லா விசைப்பலகை, சுட்டி

லினக்சில் கம்பியில்லா விசைப்பலகை, சுட்டி ஆகியவை பெரும்பாலும் தனி நிறுவல் எதுவுமின்றி இயங்குகின்றன. எனினும், லினக்சை நிறுவிய பின்னர் இவை செயல்படாமல் போவது புதிய பயனர்கள் சந்திக்கும் சிக்கல்களுள் ஒன்றாகும். கடவுச்சொல்லைக் கூட உள்ளிட முடியாத நிலையில் பயனர் தம் கோப்புகளை அணுக இயலாது போகிறது. இதற்கான காரணம் இயங்குதளத்திலோ, வன்பொருளிலோ, சுற்றுச்சூழலிலோ இருக்கக்கூடும்.

வகைகள்

இக்கருவிகள் இரு வகைப்படும். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையையே பயன்படுத்துகின்றன.

1. அலைவாங்கி வகை: கணினியின் யூ.எஸ்.பி வாயிலில் செருகப்படும் சிறு அலைவாங்கியுடன் வருவது. இந்த அலைவாங்கி தன்னைச் சாதாரண யூ.எஸ்.பி விசைப்பலகையாகவே கணினிக்கு அறிமுகப்படுத்திக் கொள்கிறது. பிணைப்புத் தகவல் அலைவாங்கியிலேயே சேமிக்கப்படுவதால், இயங்குதளத்தை மாற்றினாலும் பிணைப்பு அழிவதில்லை.

2. புளூடூத் வகை: பிணைப்புத் திறவுகோல் கருவியிலும் இயங்குதளத்திலும் சேமிக்கப்படுகிறது. எனவே புதிய இயங்குதளத்தை நிறுவினால் மீண்டும் பிணைக்க வேண்டும்.

லினக்சில் ஆதரவு

யூ.எஸ்.பி விசைப்பலகைக்கும் சுட்டிக்குமான இயக்கி லினக்சு கருனியிலேயே உள்ளது. புளூசி எனப்படும் புளூடூத் மென்பொருள் அடுக்கு 2001-இல் கருனியில் சேர்க்கப்பட்டது. ஒரே அலைவாங்கியில் ஆறு கருவிகள் வரை இணைக்கும் லாஜிடெக் யூனிஃபையிங் முறை 2009-இல் அறிமுகமானது. இதற்கான தனி இயக்கி 2012 சனவரியில் வெளிவந்த 3.2 பதிப்புக் கருனியில் இடம்பெற்றது. இவ்வகைக் கருவிகளைப் பிணைக்கவும் மின்கல அளவை அறியவும் சோலார் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது.

பழுதறியும் முறை

முதலில் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றை இரவலாகவேனும் பெற்று இணைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் சோதிக்கலாம்.

* கணினியைத் தொடங்கும்போது பயாசு திரையில் அலைவாங்கி வகை விசைப்பலகை இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். அங்கு இயங்கினால் வன்பொருள் நன்றாக உள்ளது. சிக்கல் லினக்சில் தேடப்பட வேண்டியது.
* முனையத்தில் எல்.எஸ்.யூ.எஸ்.பி என்னும் கட்டளையை இட்டால் இணைக்கப்பட்ட யூ.எஸ்.பி கருவிகளின் பட்டியல் கிடைக்கும். அலைவாங்கி பட்டியலில் இல்லையெனில் வேறு வாயிலில் செருகிப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தும் விசைகள் இயங்காவிடில் மின்கலம், தொலைவு, பிணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
* டி.எம்.இ.எஸ்.ஜி என்னும் கட்டளை கருனியின் செய்திகளைக் காட்டும். அலைவாங்கியைக் கழற்றிச் செருகும்போது புதிய வரிகள் தோன்றாவிடில் வாயிலோ அலைவாங்கியோ பழுதாகியிருக்கலாம்.
* சுட்டி சில நொடிகள் உறங்கி, பின் விழித்தால் மின்சேமிப்பு அமைப்பு காரணமாக இருக்கலாம். அலைவாங்கிக்கு யூ.எஸ்.பி தன்னுறக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.
* சுட்டி திக்கித் திக்கி நகர்ந்தால் அருகிலுள்ள யூ.எஸ்.பி 3.0 கருவியைப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி 3.0 இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையைப் பாதிப்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியுள்ளது. அலைவாங்கியை ஒரு நீட்டிப்புக் கம்பியின் மூலம் தள்ளி வைத்தால் இது பெரிதும் குறையும்.
* விசைகள் இயங்கி, எழுத்துகள் மட்டும் மாறி வந்தால் அது கம்பியில்லா இணைப்பின் பழுதன்று. தமிழ்99, இன்சுகிரிப்ட் போன்ற தளவமைப்புகளுள் எது தேர்வாகியுள்ளது எனப் பார்க்க வேண்டும்.

புளூடூத் பிணைப்பு

ஆர்.எஃப்.கில் என்னும் கட்டளையால் புளூடூத் முடக்கப்பட்டுள்ளதா என அறியலாம். பின்னர் புளூடூத்சிடிஎல் என்னும் நிரலைத் திறந்து, கருவியைப் பிணைப்பு நிலையில் வைத்து, ஸ்கேன், பேர், டிரஸ்ட், கனெக்ட் என்னும் கட்டளைகளை வரிசையாக இட வேண்டும். விசைப்பலகையாயின் திரையில் தோன்றும் எண்ணை அதிலேயே தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். டிரஸ்ட் கட்டளையை விட்டுவிட்டால், கணினியை மறுமுறை தொடங்கும்போது கருவி தானாக இணையாமல் போகக்கூடும்.

வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்ட கணினிகளில், கடவுச்சொல் கேட்கப்படும் கட்டத்தில் புளூடூத் சேவை பொதுவாகத் தொடங்கியிருக்காது. இத்தகைய கணினிகளுக்குக் கம்பியுள்ள அல்லது அலைவாங்கி வகை விசைப்பலகையே ஏற்றது.

இரட்டை இயங்குதளம்

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இவ்வாறு இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் புளூடூத் முகவரி ஒன்றே. லினக்சில் பிணைத்ததும் கருவி பழைய திறவுகோலை நீக்கிப் புதியதை வைத்துக்கொள்வதால், விண்டோசில் அது இணைய மறுக்கிறது. விண்டோசில் மீண்டும் பிணைத்தால் லினக்சில் இணையாது. விண்டோசில் உள்ள திறவுகோலை லினக்சின் /வார்/லிப்/புளூடூத் அடைவிலுள்ள கோப்பில் எழுதுவது இதற்கான தீர்வாகும்.

கடற்கரைப் பகுதிகளில் பழுது

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைகளில் மற்றொரு காரணமும் உண்டு. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள்கள் உலோகப் பரப்பில் படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. இக்கரைசல் மின்கலப் பெட்டியின் சுருள்வில்லையும் யூ.எஸ்.பி வாயிலின் தொடுமுனைகளையும் அரிக்கிறது. தொடுமுனையில் மின்தடை கூடுவதால் புதிய மின்கலம் இட்டாலும் கருவி விட்டுவிட்டு இயங்கும்.

இப்பழுது லினக்சை நிறுவிய நாளில் வெளிப்பட்டால் பழி இயங்குதளத்தின் மீது விழுகிறது. அதே கருவியை வேறொரு கணினியில் சோதித்தால் உண்மை விளங்கும். மின்கலத்தைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சால் தொடுமுனைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் பொருத்த வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலங்களை அகற்றி வைப்பது கசிவைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

புளூடூத் அல்லாத பல கம்பியில்லா விசைப்பலகைகளிலும் சுட்டிகளிலும் இருந்த மவுசுஜாக் என்னும் பாதுகாப்புக் குறைபாடு 2016-இல் வெளிப்படுத்தப்பட்டது. இதன் வழியே அருகிலுள்ள ஒருவர் போலி விசைத்தட்டல்களை அனுப்ப முடியும். இக்குறை அலைவாங்கியில் உள்ளதால் லினக்சுக்கு மாறுவதால் மட்டும் நீங்காது. உற்பத்தியாளர் வெளியிட்ட நிலைப்பொருள் இற்றைப்படுத்தலை நிறுவ வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* லினக்சு கருனி
* புளூடூத்
* தமிழ்99
* கட்டற்ற மென்பொருள்