தம் பெயரைப் பாடிய டி.எம்.சி.

பாடலின் இறுதியில் பாடியவர் தம் பெயரைப் பொறித்து வைப்பது தமிழுக்குப் புதியதன்று. திருஞானசம்பந்தர் பதிகங்களின் திருக்கடைக்காப்பில் அவர் பெயரும் ஊரும் வருதலைத் தமிழாசிரியர் அறிவர். 1970-களில் நியூயார்க் நகரின் கறுப்பின இளைஞர்களிடையே தோன்றிய ஹிப் ஹாப் கலையிலோ, இவ்வழக்கம் கடைசிப் பாட்டோடு நிற்பதில்லை. இன்னான் நான், என் ஊர் இது, என் சொல்லுக்கு நிகரில்லை என முழங்குவதே அங்குப் பாட்டின் பெரும்பகுதி. இராகமின்றித் தாளத்திற்கு இசைய, இயைபுத் தொடை அமையச் சொல்லிச் செல்லும் ராப் என்னும் உறுப்பிற்கு இத்தற்கூற்றே உயிர் எனலாம்.

அங்ஙனம் தம் பெயரை உலகறிய முழங்கிய ஒருவர், தம் முப்பத்தைந்தாம் வயதில் அப்பெயரின் வரலாற்றையே அறியாதிருந்ததை உணர்ந்தார். அவரே ரன் டி.எம்.சி. என்னும் குழுவைச் சேர்ந்த டேரில் மெக்டேனியல்ஸ்.

1964 மே 31-ஆம் நாள் பிறந்த அவர், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலுள்ள ஹாலிஸ் என்னும் நடுத்தரக் குடியிருப்பில் வளர்ந்தார். கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்று, செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதனையும் தம் முதற்பாடல்களுள் ஒன்றில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். தெருச் சண்டையைப் பாடினால்தான் ராப் என்று கருதுவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம். கண்ணாடி அணிந்த, கூச்சமுடைய, சித்திரக் கதைகளில் மூழ்கிய மாணவர் அவர். அதே ஊரினராகிய ஜோசப் சிம்மன்ஸ் உடன் பாட, ஜேசன் மிசெல் இசைத்தட்டு இயக்க, மூவர் குழு அமைந்தது. டி.எம்.சி. என்பது டேரில் என்னும் பெயரின் முதலெழுத்தோடு, மெக்டேனியல்ஸ் என்னும் குடும்பப் பெயரின் ஆங்கில முதலீரெழுத்தைச் சேர்த்து ஆக்கியதாகும்.

1983-இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில் பக்கவாத்தியப் பெருக்கம் இல்லை. தாளப்பொறியின் அடி ஒன்று; அதன்மேல் இரு குரல்கள். ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடிப்பார். ஈற்றுச் சொல்லை இருவரும் ஒருங்கே கூவுவர். மெக்டேனியல்சின் குரல் கனத்த இடிக்குரல். 1984-இல் வந்த முதல் தொகுப்பு, அமெரிக்காவில் ஐந்து இலட்சம் விற்பனைக்குரிய தங்கத்தட்டுச் சான்று பெற்ற முதல் ராப் தொகுப்பாயிற்று. 1986-இல் வந்த ரைசிங் ஹெல் முப்பது இலட்சத்தைத் தாண்டியது. அதில் ஏரோஸ்மித் என்னும் வெள்ளையர் ராக் குழுவோடு இணைந்து பாடிய பாடல், நாடளாவிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் பெற்றது. அப்பாடலைப் பாட மெக்டேனியல்ஸ் முதலில் உடன்படவில்லை என்பது வேடிக்கை.

பின்வந்த ஆண்டுகளில் குடிப்பழக்கம் அவரைப் பற்றியது. 1990-களில் குரல்வளைத் தசைகள் தம் கட்டுப்பாடின்றி இறுகும் நோயால் இடிக்குரலும் நலிந்தது. 1997-இல் உலகப் பயணத்தில் இருந்தபோது வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் அவரைச் சூழ்ந்தது. வானொலியில் கேட்ட சாரா மெக்லாக்லன் என்னும் கனடியப் பாடகியின் பாட்டே தம்மைத் தாங்கிற்று என்று அவர் பலமுறை கூறியுள்ளார்.

தன்வரலாறு எழுத முற்பட்டபோது, தாம் பிறந்த செய்திகளை அன்னையிடம் கேட்டார். அதன் பின்னரே, 2000-ஆம் ஆண்டில், அவர் வளர்ப்புப் பிள்ளை என்னும் உண்மையைப் பெற்றோர் உரைத்தனர். துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டவர் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும் ஆண்டாளும், பாசுர இறுதியில் வளர்த்த தந்தை பெரியாழ்வாரின் பெயரோடு சேர்த்தே தம்மைச் சுட்டினார். மெக்டேனியல்சோ, வளர்த்தவர் தந்த பெயர் என்று அறியாமலே அதனைப் பதினேழு ஆண்டுகள் முழங்கியிருந்தார்.

2001-இல் வந்த குழுவின் இறுதித் தொகுப்பில் அவர் குரல் மூன்று பாடல்களில் மட்டுமே ஒலித்தது. 2002 அக்டோபர் 30-இல் மிசெல் தம் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார், குழுவும் கலைந்தது. தனித்து நின்ற மெக்டேனியல்ஸ் ஈன்ற தாயைத் தேடிக் கண்டார். அத்தேடல் 2006-இல் தொலைக்காட்சிப் படமாக வெளிவந்தது. அவ்வாண்டே தம் பிறப்பைப் பற்றிய பாடலொன்றை வெளியிட்டார். உடன் பாடியவர் அதே சாரா மெக்லாக்லன். அவரும் வளர்ப்பு மகளே என்பது மெக்டேனியல்சுக்குப் பின்னரே தெரிந்தது.

வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்த மற்றொருவரோடு சேர்ந்து, பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் வாழும் சிறுவர்க்குக் கோடை முகாம் நடத்தும் அமைப்பு ஒன்றையும் அவர் தோற்றுவித்தார். 2009-இல் ரன் டி.எம்.சி. ராக் இசைப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தில், தத்தெடுக்கப்பட்டவரின் மூலப் பிறப்புச் சான்று 1930-களிலிருந்தே முத்திரையிடப்பட்டு வந்தது. வளர்ப்புப் பெற்றோர் பெயரிட்ட புதுச் சான்றே வழங்கப்பட்டது. இத்தகைய பதிவுகளைத் திறக்குமாறு வாதாடியவருள் மெக்டேனியல்சும் ஒருவர். 2020 சனவரி முதல், பதினெட்டு வயது நிரம்பியோர் தம் மூலச் சான்றை அங்குக் கேட்டுப் பெறுகின்றனர்.