வாலில் கல் சுமந்த கணவாய்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் துப்பாக்கிக் குண்டு வடிவில் சிறு கற்கள் கிடைக்கின்றன. பெலம்னைட் என்று பெயர். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. தென்னிந்தியப் பெலம்னைட்டுகளைப் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1861-லேயே விவரித்துவிட்டார். இந்தக் கல், கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் வால்புறத்தில் இருந்த உறுப்பு என்றால் நம்பக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். நீந்திப் பிழைக்கிற ஜீவன் எதற்காகக் கல்லைச் சுமக்க வேண்டும்?

உடைந்த ஒன்றின் குறுக்குமுகத்தைப் பார்த்தால், நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல கால்சைட் இழைகள் கிளம்புகின்றன. மரத்தில் தெரிவது போன்ற வளையங்களும் உண்டு. ஆறு உருட்டிய கூழாங்கல்லில் இந்த ஒழுங்கு வராது. உயிர் ஒன்று அடுக்கடுக்காக வளர்த்த பொருள் இது. மழுங்கிய முனையில் ஒரு குழி; அதில் புனல் போன்ற ஓடு பொருந்தியிருக்கும், உள்ளே தடுப்புச் சுவர் வைத்த அறைகள். அறைகளில் இருந்த வாயு உடலை மேலே தூக்கும். ஆனால் தலையும் கைகளும் முன்பக்கம் கனக்குமே, பிராணி தலைகீழாகத் தொங்காதா? அதைச் சரிக்கட்டத்தான் பின்னால் கல். கிணற்றுத் துலாவில் வாளிக்கு எதிர்முனையில் பாரம் கட்டுகிற அதே கணக்கு.

கணக்கு சரி, கைகள் இருந்ததை யார் கண்டது என்று கேட்கலாம். தெற்கு ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் பாறைகளில், கைகளில் இருந்த கொக்கிகள் வரிசை குலையாமல் குண்டின் முன்னால் பதிந்திருக்கின்றன. அங்கே மோசடியும் நடந்தது: வேறொரு கணவாயின் உடல் அச்சோடு பெலம்னைட் குண்டை ஒட்டி விற்றார்கள். ஆனால் போலிகளைக் கழித்த பிறகும் அசல்கள் மிஞ்சுகின்றன.

இன்றைய ஊசிக்கணவாயிடம் கல் இல்லையே என்பது அடுத்த கேள்வி. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அது ஓட்டுக்கணவாயின் உள் ஓடு. அதிலும் வாயு நிறைந்த நுண்ணறைகள்தான். அதன் பின்நுனி முள்ளைப் பெலம்னைட் குண்டுக்கு இணையாகச் சிலர் காட்டுவதை நான் அவ்வளவு உறுதியாக ஏற்க மாட்டேன். உறவைச் சொல்ல அறைகளே போதும்.

பெலம்னைட்டுகளைத் தின்றவர்களுக்கும் கல்லால் தொல்லை. ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் ஒரு ஜுராசிக் சுறாவின் புதைபடிவம் இருக்கிறது. கணவாய்ச் சதையெல்லாம் எப்போதோ செரித்துப்போக, வயிற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் குவிந்து கிடக்கின்றன.