பழுதான கணினி, தீர்வு தராத சேவை மையம்: நுகர்வோருக்கு உள்ள வழிகள் என்ன?

புதுதில்லி: உத்தரவாதக் காலம் முடியும் முன்பே வீட்டுக் கணினி பழுதடைவதும், வாடிக்கையாளர் சேவை மையத்தைப் பலமுறை அழைத்தும் தீர்வு கிடைக்காமல் போவதும் நுகர்வோர் பலருக்குப் பழகிப்போன அனுபவம். ஒவ்வொரு அழைப்பிலும் புதிய ஊழியர் பேசுகிறார். நடந்ததை மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உரையாடல் பதிவு செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டாலும், அந்தப் பதிவு நிறுவனத்திடமே இருக்கிறது. நுகர்வோரின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

எனவே, முதல் அழைப்பிலேயே புகார் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். அழைப்பு முடிந்தவுடன் பழுதின் விவரம், கணினியின் வரிசை எண், வாங்கிய தேதி, புகார் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. நான்கு வரிகள் போதும். இணைய வணிகத் தளத்தில் வாங்கிய கணினி என்றால், அத்தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதலாம். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடுவதில் ஆபத்து உள்ளது. சேவை மைய எண் என்ற பெயரில் மோசடிக் கும்பல்கள் தங்கள் எண்களைப் பதிவேற்றி வைக்கின்றன. உரிய எண் ரசீதிலோ, உத்தரவாத அட்டையிலோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ இருக்கும். பழுதுபார்ப்பதாகக் கூறி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லிவிட்டு வங்கி விவரமும் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

கணினியைச் சேவை மையத்தில் ஒப்படைக்கும்போது தரப்படும் 'ஜாப் ஷீட்' முக்கியமான ஆவணம். திரையில் கீறல் இல்லை, சார்ஜர் உடன் தரப்பட்டது போன்ற விவரங்களை அதில் எழுதச் செய்த பிறகே கையெழுத்திட வேண்டும். உடைப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றைக் காரணம் காட்டி இலவசப் பழுதுபார்ப்பு மறுக்கப்படுவது உண்டு என்பதால், புகைப்படங்களும் எடுத்துவைக்கலாம். பொதுவாக உத்தரவாதம் கருவிக்கு மட்டுமே. உள்ளிருக்கும் குடும்பப் படங்களுக்கும் கோப்புகளுக்கும் இல்லை. கணினி இயங்கும் நிலையில் இருந்தால், அவற்றை நகலெடுத்த பின்னரே கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் உள்பட 17 மொழிகளில் இச்சேவை கிடைக்கிறது. புகாரை நிறுவனத்தின் பார்வைக்குக் கொண்டுசென்று, வழக்கின்றித் தீர்க்க இம்மையம் முயலும். ஆனால், நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் இதற்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பழுதை நீக்கவும், மாற்றுக் கணினி வழங்கவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு அளிக்கவும் அது உத்தரவிட முடியும். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழிசெய்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு தாக்கல் செய்யலாம்.

பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதங்களுக்குள்ளும், தேவைப்படும் வழக்கை 5 மாதங்களுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இக்கால அளவு பலமுறை மீறப்படுகிறது.

வழக்குத் தொடர்வதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மட்டுமே தாமதம் மன்னிக்கப்படும். சேவை மையத்துடன் கடிதப் போக்குவரத்து தொடர்கிறது என்பதற்காக மட்டும் இக்கெடு நீளாது.